பாட்டனார் பெயர் இருக்கும் ஏடுகள்

புதுச்சேரியில் ஒருவர் தம் பாட்டனாரின் பிறந்த தேதியைத் தேடி அலைகிறார் என்றால், அது பிரெஞ்சுக் குடியுரிமை சம்பந்தமான காரியமாகத்தான் இருக்கும் என்று அண்டை வீட்டார் கேளாமலே தெரிந்துகொள்வர். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் புதுச்சேரியை இந்தியாவுக்கு ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிக்க விரும்புவதாக எழுதிக் கொடுத்தவர்களின் மக்களும் பேரமக்களும், அந்த உரிமையின் தொடர்ச்சியை நிரூபிப்பதற்காகப் பழைய பிறப்பு, விவாகப் பத்திரங்களைத் தேடி நகராட்சிக்கும் பங்குக் கோயிலுக்குமாக நடப்பது இவ்வூரில் பழகிப்போன காட்சி. பாஸ்போர்ட்டுக்காகத் தேடுவதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பே அதில் அடங்கியிருக்கலாம். ஆயினும், வேண்டிய வரியின் நகல் கைக்கு வந்தவுடன் ஏடு மூடப்பட்டுவிடுகிறது. அந்த வரிக்கு மேலும் கீழும் எழுதப்பட்டிருக்கும் மனிதர்களைப் பற்றி விசாரிப்பார் இல்லை. நம் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, விவாக, மரண ஏடுகள், பட்டயமும் பத்திரமும் இல்லாத சாமானிய மக்களின் சரித்திரத்துக்கு இங்கே எஞ்சியிருக்கும் தலைசிறந்த ஆதாரம் என்பதும், அவற்றைப் படியெடுத்து, உரிய வரம்புகளோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இத்தகைய ஏடுகளை எழுதி வைப்பது எக்காலத்திலும் குருக்களின் சொந்த விருப்பத்துக்கு விடப்பட்டதில்லை. ஒவ்வொரு பங்குக் குருவும் விவாகப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. எந்தச் சடங்கை எந்த வாசகத்தில் பதிய வேண்டும் என்பதை 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் வகுத்துத் தந்தது. பிரான்சுவா மார்த்தேன் இந்தக் கடற்கரையில் பிரெஞ்சுக் கம்பெனியை நிலைநிறுத்தத் தொடங்கிய 1674-ஆம் ஆண்டுக்கு இரண்டே ஆண்டுகள் பிந்தி, 1676 முதற்கொண்டே புதுச்சேரிக்குப் பதிவுகள் கிடைக்கின்றன என்பது, கோட்டை கட்டி முடிவதற்கு முன்பே ஏடு எழுதப்பட்டது என்பதற்கு அத்தாட்சி. கப்புச்சின் சபைக் குருக்கள் ஐரோப்பியரையும், தொப்பாசியர் என்று வழங்கப்பட்ட கலப்பினத்தாரையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். தமிழ்க் கிறிஸ்தவர்களை இயேசு சபையார் கவனித்து வந்து, அச்சபை 1773-இல் கலைக்கப்பட்டபின் 1776 முதல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் அப்பணியை ஏற்றனர். டூமா வீதியில், ஊரார் இன்றும் கப்ஸ் கோயில் என்றே சொல்லும் சம்மனசுகளின் மாதா ஆலயம் முன்னவர் வழி வந்தது. மிஷன் வீதியிலுள்ள சம்பா கோயில் பின்னவர் வழி வந்தது. ஆகையால் வமிச விருத்தாந்தம் தேடுகிறவர் முதலில் தம் முன்னோர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். வெள்ளை நகரத்தையும் கறுப்பு நகரத்தையும் பிரித்த பெரிய வாய்க்கால் இந்த ஏடுகளுக்கு நடுவிலும் ஓடியது. கும்பகோணம், சேலம் பக்கத்துக் குடும்பங்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம்: கும்பகோணம் 1899-இலும் சேலம் 1930-இலும் தனி மறைமாவட்டங்களாகும் வரை அப்பகுதிகள் புதுச்சேரி ஆயரின் ஆளுகையில் இருந்தவை.

1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்த பின்பு இந்நகரம் கல்லின்மேல் கல் நில்லாதபடி இடிக்கப்பட்டது. சம்பா கோயிலும் தப்பவில்லை. இப்போது நாம் காண்பது 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோயில்களே தரைமட்டமான ஊரில் காகிதத்தில் ஒரு பகுதியேனும் பிழைத்தது பெரும்பேறு. அவ்வாறு பிழைத்தவற்றை ஆராய்ந்து, 1676 முதல் 1735 வரையிலும், பின்பு 1736 முதல் 1760 வரையிலும் உள்ள பதிவுகளின் சுருக்கத்தைப் பிரெஞ்சிந்திய சரித்திரச் சங்கத்தின் வாயிலாக அச்சிட்டவர், பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக இருந்துகொண்டே சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்ட அல்பிரேத் மார்த்தினோ. ஆளுநர் துய்ப்ளேக்ஸின் மனைவியாகி, தென்னிந்திய அரசியலில் ழான் பேகம் என்று பெயர் பெற்ற அம்மையார் 1706-இல் இதே ஊரில் பிறந்தவர், 1719-இல் பதின்மூன்று வயதுப் பெண்ணாக வேன்சான் என்பவருக்கு மணம் முடிக்கப்பட்டவர், தாய்வழியில் இந்திய இரத்தமும் கலந்தவர் என்றெல்லாம் நாம் இன்று திடமாகச் சொல்ல முடிவது இத்தகைய பதிவுகளின் துணையால்தான். குடியேற்ற நாடுகளில் எழுதப்படும் பதிவேடுகளின் பிரதியொன்று வெர்சாய்க்கு வந்துசேர வேண்டும் என்று 1776 ஜூன் மாதத்தில் பிரெஞ்சு மன்னர் பிறப்பித்த ஆணை, தொலைநோக்கில் அதற்கு இணையான வேறொன்றை அக்கால நிர்வாகத்தில் காண்பது அரிது என்று சொல்லத்தக்கது. அவ்வாணையால் சேர்ந்த பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களின் பழைய பதிவுகளையும் எவரும் கட்டணமின்றி வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டின் பெரும்பயன் பிரெஞ்சு நிர்வாகத்தின் கண்ணில் பட்டவர்களுக்கே உரியது. அரியாங்குப்பத்திலோ நெல்லித்தோப்பிலோ ஞானஸ்நானம் பெற்ற ஓர் உழவனின் குழந்தைக்குப் பங்கின் ஏடுதான் கதி.

அப்படிப்பட்ட ஒரு பங்கில் பழைய ஏடொன்றைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. நீண்ட, ஒடுங்கிய புத்தகம். துணி அட்டையின் முதுகு விட்டுப்போயிருந்தது. மை பழுப்பேறி, அழுத்தி எழுதிய இடங்களில் காகிதத்தையே அரித்துத் துளையிட்டிருந்தது. கடைசிப் பக்கங்களைக் கரையான் வளைந்து வளைந்து தின்றிருந்தது. ஒவ்வொரு பதிவும் நாலைந்து வரி, இலத்தீனில்: நாள், குழந்தை பிறந்து எத்தனை நாளாயிற்று என்பது, குழந்தையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத் தகப்பன், ஞானத் தாய், கடைசியில் குருவின் கையொப்பம். சாகுந்தறுவாயில் வீட்டிலேயே யாரோ ஒரு மருத்துவச்சி தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதையும் மறவாமல் எழுதியிருந்தார்கள். மரண ஏட்டின் சில மாதங்கள் பக்கம் பக்கமாக நீண்டன. அவஸ்தைப் பூசுதல் பெற்றாரா, பெறவில்லையா என்ற குறிப்போடு, ஒரே வீட்டின் மூன்று பெயர்கள் ஒரே வாரத்தில் வந்தன. கொள்ளைநோய் என்று அங்கே எவரும் எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில் ஒரு குறிப்பு: இந்தக் குழந்தை வளர்ந்து இன்ன ஆண்டில், சைகோனில், இன்னாரை மணந்தது. 1907-இல் உரோமையிலிருந்து வந்த விவாகச் சட்டம், எங்கே கல்யாணம் நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து ஏட்டில் குறிக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே, கப்பலேறிக் கொச்சின்சீனாவுக்குப் போய், வீட்டுக்குக் கடிதம் எழுதுவதையே விட்டுவிட்ட மகனைக்கூட அவன் பிறந்த ஊரின் ஏடு விட்டுவிடவில்லை.

பெயர்களின் விஷயத்தில் தேடுகிறவருக்குப் பொறுமை வேண்டும். 1704-இல், பாப்பரசரின் தூதராக வந்தவரும் பின்னாளில் கர்தினாலானவருமான துர்னோன் இதே புதுச்சேரியில் தங்கியிருந்து வெளியிட்ட தீர்ப்பு, தமிழ்ச் சடங்குகள் பலவற்றைத் தடுத்ததோடு, ஞானஸ்நானத்தின்போது அர்ச்சிஷ்டவர்களின் பெயர்களையே இட வேண்டும் என்றும் கண்டிப்பு செய்தது. குருவின் ஏட்டில் ஒரு பெயரும் வீட்டுத் திண்ணையில் ஒரு பெயருமாக மனிதர் வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது போக, வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் இலத்தீன் ஏட்டில் பேத்ருஸ் ஆகவும், சின்னப்பன் பவுலுஸ் ஆகவும், அருளப்பன் யோவான்னஸ் ஆகவும், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆகவும் இருப்பர்; இதை அறியாதவர் தம் பாட்டனாரின் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முன்பு கம்பெனியின் துபாஷாக இருந்த கனகராய முதலியார், பிரெஞ்சுக்காரருக்குப் பேத்ரோ. இளமையிலேயே மாண்டுபோன தம் மகன் வேலவேந்திரனை எண்ணி அவர் 1745-இல் ஒழுகரையில் கட்டிய ஆலயம் அர்ச். பெலவேந்திரருக்கு, அதாவது பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே என்று சொல்லும் அப்போஸ்தலருக்கு, அர்ப்பணிக்கப்பட்டது. ஏட்டுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்கே ஒரு தகப்பனின் துயரம் அந்தக் கோயிலின் பெயரில் தெரியும். 1881 செப்டம்பரில் வந்த ஆணைக்குப் பிறகு மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. சொந்தச் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தாங்கிக்கொண்டனர். சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் செல்லும் உரிமைக்காக வழக்காடிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாபோர்த் ஆனார். அந்தத் துறவுப் பத்திரத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே இருக்கும். அதைக் கண்டெடுத்த பின்பு பங்கு ஏட்டுக்குத் திரும்புவதே சரியான வழி.

இந்த ஏடுகளின் அருமையை நான் முழுவதும் உணர்ந்தது விவாகப் புத்தகத்தைப் படித்தபோதுதான். தமிழர் அத்தை மகனையும் மாமன் மகளையும் முறையென்று கொண்டு மணப்பவர். திருச்சபையோ அத்தகைய நெருங்கிய இரத்த உறவை விவாக விக்கினமென்று கருதியது. மூன்று ஞாயிறுகளில் கோயிலில் ஓலை வாசித்து, விக்கினம் அறிந்தவர் சொல்லலாம் என்று கேட்டபோது, ஊர் முழுவதும் அறிந்த அந்த உறவை மறைப்பதற்கில்லை. ஆகவே ஆயரிடம் விதிவிலக்கு வேண்டிப் பெற்று, அது எந்தப் படியிலான உறவுக்காக வழங்கப்பட்டது என்பதை விவாக ஏட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் படி என்று எழுதியிருந்தால், மணமக்கள் இருவருக்கும் ஒரே பாட்டன் பாட்டி என்று பொருள். மூன்றாம் படி என்றால் முப்பாட்டன் ஒருவர். மனுவோடு குருவின் கையால் வரைந்த சிறு கிளைப்படமும் சேர்ந்திருப்பதுண்டு. உலகின் மற்ற நாடுகளில் வமிசாவளி தேடுவோர் பெரும்பாலும் பற்பல ஏடுகளைப் பொருத்திப் பார்த்து ஊகிக்க வேண்டியதை, நம் நாட்டு ஏடு, நம் நாட்டு வழக்கத்தின் காரணமாகவே, ஒரே வரியில் கொடுத்துவிடுகிறது. உரோமைச் சட்டமும் தமிழ் முறையும் ஒன்றோடொன்று மோதிய இடத்தில் இப்படியொரு சாட்சியம் பிறந்திருப்பதைச் சமூக சரித்திரம் பயிலும் எவரும் அலட்சியம் செய்யலாகாது.

இனி, சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க இயலாது. சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்ததையும், காரைக்காலிலிருந்து வந்த குருவொருவர் அதைக் கண்டித்துப் பேச, அம்மக்கள் திரண்டு சென்று மூத்த குருவிடம் முறையிட, அது இடித்தகற்றப்பட்டதையும் 1745 அக்டோபர் மாத நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். சுவர் போயிற்று, பிரிவினை போகவில்லை. ஏடுகளிலும் அதன் சுவடு உண்டு. பெயருக்குப் பக்கத்தில் சாதியும் குறிக்கப்பட்ட பக்கங்கள் உள்ளன. பழைய இழிவைக் கிளறுவதாகும் என்று அஞ்சி இவற்றை மூடியே வைக்கலாம் என்பார் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முடிவு தவறு. நிலமுடையவர்களுக்குப் பட்டா இருக்கிறது, வியாபாரிகளுக்குக் கணக்குப் புத்தகமும் நோத்தேர் எழுதிய பத்திரமும் இருக்கின்றன, பதவி வகித்தவர்களுக்கு அரசாங்கக் காகிதம் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கும் வழியின்றி வைக்கப்பட்ட சேரி மக்களின் கொள்ளுப்பாட்டியின் பெயரை, அவள் பிறந்த நாளோடும், அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத் தாயின் பெயரோடும் எழுதி வைத்தது பங்குக் கோயில் ஒன்றுதான். தனவான்களின் குடும்ப சரித்திரம் இந்த ஏடுகள் இல்லாமலும் எழுதப்படும். ஏழைகளுடையது எழுதப்படாது. ஆகவே அவற்றை மூடி வைப்பதால் நஷ்டமடைபவர் யார் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

குருக்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேவதிரவிய அனுமானங்களின் பதிவு வெறும் புள்ளிவிவரம் அன்று. மார்மோன் சபையார் இறந்தவர்களுக்காகத் தம் முறைப்படி ஞானஸ்நானம் நிறைவேற்றும் வழக்கமுடையவராதலின், பங்கு ஏடுகளைப் படமெடுக்க அவர்களுடைய வமிசாவளிச் சங்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008-இல் உலக ஆயர்களுக்கு அறிவித்தது. தகப்பன் பெயரின்றி எழுதப்பட்ட குழந்தைகளும் அந்த ஏடுகளில் உண்டு. அவர்களுடைய மக்கள் இன்றும் நம் தெருக்களில் வாழ்கிறார்கள், அவர்களை நாணச் செய்யும் உரிமை ஆராய்ச்சியாளனுக்கு இல்லை. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் கால வரம்பு. பிரெஞ்சுச் சட்டம் பிறப்பு, விவாகப் பதிவுகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு மறைவு விதித்து, அதற்குப் பின் திறந்து விடுகிறது. நாம் நூறு ஆண்டு என்று இன்னும் கடுமையாகவே வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்தின் தேசிய நூலகம், அந்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளை ஏறத்தாழ 1880 வரைக்கும் படமெடுத்து 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வைத்தது. பஞ்சத்தாலும் வறுமையாலும் கடல் கடந்து சிதறிய ஒரு ஜனசமுதாயத்தின் பேரப்பிள்ளைகள், தம் மூதாதையர் பிறந்த பங்கைத் தேடிக் கண்டுகொள்ள அது வழி திறந்தது. அதனால் அங்கே விசுவாசத்துக்கு யாதொரு குறைவும் நேர்ந்துவிடவில்லை.

ஏடுகளின் இன்றைய நிலைமையோ தாமதத்துக்கு இடங்கொடுப்பதாக இல்லை. கடற்காற்றின் ஈரமும் கரையானும் பாலாம் பூச்சியும் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்து, கடற்கரையின் அலங்காரமாக நின்ற, மேரி எனப்பட்ட நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைக் கண்ட ஊர் இது. பணம் செலவிட்டு அதைப் பழைய உருவிலேயே மீண்டும் எழுப்பிவிட்டோம். நனைந்து மக்கிய ஏட்டை எந்தப் பணமும் மீண்டும் எழுதாது. புதுச்சேரியில் இதற்கு வேண்டிய திறமைக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் கீழ்த்திசை ஆராய்ச்சிப் பள்ளியும் பேணிவரும் சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலையைக் காப்பாற்றவும் படமெடுக்கவும் அறிந்தவர்கள் காகிதத்தையும் அறிவார்கள். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் இசைந்து, அரசு செலவில் ஒரு பங்கை ஏற்று, அந்நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைத் தந்தால், ஏடு கோயிலைவிட்டு ஒரு நாளும் வெளியேறாமலே படம் எடுத்துவிடலாம். மூலம் திருச்சபையின் உடைமையாகவே இருக்கும்.

முதற்காரியமாக, எந்தப் பங்கில் எந்த ஆண்டு முதல் எந்த ஏடு இருக்கிறது, அதில் எத்தனை பக்கம் கெட்டிருக்கிறது என்ற ஒரு பட்டியலை மறைமாவட்டம் தயாரித்து, தன் இதழான சர்வ வியாபியில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் செலவு இல்லை. பங்குசாமியாரும் உபதேசியாரும் ஒரு பிற்பகல் அலமாரியைத் திறந்தால் போதும். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தையும் இலத்தீன் சுருக்கங்களையும் தடையின்றி வாசிக்கக்கூடிய முதிய ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற குருக்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு மாணவர்களை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஏடுகளின் பிரதியை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்பும்படி விதித்தது; அதற்கு முந்தைய தமிழ்ப் பங்குகளின் ஏடுகளுக்கு அத்தகைய காப்பு விதிக்கப்படவில்லை. ஆதலால் பணியை நகரத்துப் பெருங்கோயில்களில் தொடங்காமல், அரியாங்குப்பம், ஒழுகரை, நெல்லித்தோப்பு போன்ற பங்குகளில், 1917-க்கு முந்தைய ஞானஸ்நான ஏடுகளிலிருந்து தொடங்குவதே முறை.